ஆமென் சொல்லாத மாலை

என் மகளுக்கு ஜெபம் என்றால் பொறுமை கிடையாது. அப்போது அவளுக்கு மூன்று வயது. யாராவது கண்ணை மூடி "பரலோகத்தின் பிதாவே" என்று தொடங்கினால் போதும், உடனே "ஆமென்" என்று கத்திவிடுவாள். அதைச் சொன்னால் எல்லாரும் எழுந்துவிடுவார்கள் என்பது அவள் கண்டுபிடிப்பு. என் கணவரின் அக்காவுக்கு இதில் தீராத வருத்தம். நான் பிள்ளை வளர்க்கும் லட்சணத்துக்கு அதைத்தான் அவர் சாட்சியாகக் காட்டுவார். எனக்கோ உள்ளூரச் சிரிப்பு. நாத்தனாரின் ஜெபம் நீளும்போதெல்லாம் நானும் மனதுக்குள் அதையேதான் சொல்லிக்கொண்டிருப்பேன்.

அந்த வாரம் அவளுக்குக் காய்ச்சல். குரோம்பேட்டையில் மழைக்காலத்தில் காய்ச்சல் என்றால் ஒரே கேள்விதான்: டெங்குவா? லிஃப்டில் பார்க்கிறவர்கூட நலம் விசாரிக்காமல் பிளேட்லெட் எவ்வளவு என்று கேட்பார். எதிர்வீட்டுக்காரர் கேட்காமலே பப்பாளி இலையைக் கதவில் செருகிவிட்டுப் போனார். காலையில் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. டெங்கு இல்லை, பிளேட்லெட்டும் சரி. கணவர் அதைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டதும் கூப்பிய கைகளாக வந்து குவிந்தன. டெங்கு இல்லையென்றால் ஒன்றுமே இல்லை என்று ஊரே முடிவு கட்டிவிட்டது.

மாலையில் நன்றி ஜெபம். நாத்தனார் தன் ஜெபக்குழுவோடு வந்து ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்தார். மதியம் கொடுத்த மருந்தில் மகளின் நெற்றிச் சூடு தணிந்திருந்தது. என் மடியில் சாய்ந்து பேசாமல் இருந்தாள்.

"காய்ச்சல் விட்டுடுச்சு பாரு. எவ்ளோ அமைதியா உக்காந்திருக்கா," என்றார் நாத்தனார். "கர்த்தர் தொட்டிருக்காரு."

ஜெபம் தொடங்கியது. வழக்கமான இடத்தில் நான் காத்திருந்தேன். ஆமென் வரவில்லை. நாத்தனார் சபைக்காக வேண்டினார், நாட்டுக்காக வேண்டினார், தாம்பரத்தில் ரயில் ஏறி வேலைக்குப் போகிறவர்களுக்காகவும் வேண்டினார். அப்போதும் வரவில்லை. கண்ணைத் திறந்தேன். மகள் தூங்கவில்லை. பாதி மூடிய கண்களால் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கையைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. பாதம் அதைவிடச் சில்லிட்டிருந்தது. அவள் நெஞ்சு மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது. காதருகே குனிந்து, "ஆமென் சொல்லு கண்ணு," என்றேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"அண்ணி, நிறுத்துங்க."

அவர் கண்ணைத் திறக்காமலே, பொறு என்று கையைக் காட்டினார்.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன். "ஆமென்," என்று நானே கத்தினேன்.

எல்லோரும் விழித்துப் பார்த்தார்கள். கணவருக்கு முகம் சிவந்துவிட்டது. "டெங்கு இல்லன்னு வந்துடுச்சே," என்றார்.

"டெங்கு இல்லைங்க, வேற என்னமோ இருக்கு. இவ இவளா இல்ல. ஆட்டோ கூப்பிடுங்க."

ஜி.எஸ்.டி. ரோடு வழக்கம்போல் அடைத்துக்கொண்டிருந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "கொயந்தைக்கு இன்னாம்மா?" என்று கேட்டார். நான் பிள்ளையின் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அதற்குமேல் அவர் எதுவும் கேட்காமல் ஹாரனை அழுத்திக்கொண்டே போனார்.

ஆஸ்பத்திரியில் குழந்தைகள் டாக்டர் அவள் நெஞ்சில் விரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்தபின் வெளுத்த இடம் சிவக்கிறதா என்று பார்த்தார். அது மெதுவாகத்தான் சிவந்தது.

"காய்ச்சல் குறைஞ்சிருக்கே டாக்டர்," என்றார் கணவர்.

"அதை மட்டும் பாத்தா போதாது சார். கை கால் சில்லுனு இருக்கு, பாப்பா ரொம்ப டல்லா இருக்கா. ரத்தத்துல பாக்டீரியா கிருமி பரவியிருக்கலாம். கல்ச்சருக்கு ரத்தம் எடுத்துட்டு உடனே ஆன்டிபயாட்டிக் போட்டுடறோம். ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது."

ஊசி ஏறும்போது அவள் அழவில்லை. சும்மா கையைக் கொடுத்தாள். மருந்து டம்ளரைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில் ஓடுகிற பிள்ளை. அதைப் பார்த்துத்தான் நான் சுவரோரமாகப் போய் அழுதேன்.

அவளை ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு காத்திருப்பு. அவள் ரத்தம் ஒரு சின்ன பாட்டிலில் ஆய்வகத்தில் இருந்தது. கிருமி இருந்தால் வளர்ந்து காட்டும் என்றார்கள். எதுவும் வளரக்கூடாது என்று வேண்டினேன். கொஞ்ச நேரத்தில், வளர்ந்து தொலைத்தால் எந்தக் கிருமி என்றாவது தெரியுமே என்று வேண்டினேன். இடையிடையே நாத்தனாரிடம் கேட்க வேண்டியதையெல்லாம் சேர்த்துவைத்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், சேர்ந்ததும் நிறைய.

அவர் வந்து ஐ.சி.யூ. வாசலில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, "நான் கண்ணை மூடிட்டே இருந்துட்டேன்மா," என்றார். நான் சேர்த்துவைத்த எதையும் என்னால் கேட்க முடியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கிருமி வளர்ந்தது. தொடங்கிய மருந்துக்கே அது கட்டுப்படும் என்று டாக்டர் சொன்னபோதுதான் கணவர் சாப்பிடப் போனார். மகளின் கைகள் மெல்லச் சூடாயின. வார்டுக்கு மாற்றினார்கள். ஆனாலும் அவள் வாயே திறக்கவில்லை. டாக்டர் தேறிவிட்டாள் என்றார், நான் நம்பவில்லை.

நாத்தனார் கஞ்சி கொண்டுவந்தார். கட்டில் பக்கத்தில் நின்று, இந்த முறை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே, தயங்கித் தயங்கித் தொடங்கினார். "பரலோகத்தின் பிதாவே, இந்தப் பிள்ளைய..."

"ஆமென்," என்றாள் என் மகள், கரகரத்த குரலில்.

நாத்தனார் அந்த இடத்திலேயே ஜெபத்தை முடித்துக்கொண்டார்.