கோணாத எழுத்து

பேக்கரியில் தரை துடைக்கும் அம்மாள் ஒருநாள், "இன்னிக்கு எனக்கும் பொறந்த நாள்தான்" என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்துக்கொண்டாள். கேக்கின் மேல் க்ரீமால் பெயர் எழுதுகிறவர் காதில் அது விழுந்தது. ஓரம் நசுங்கி விலைபோகாமல் கிடந்த ஒரு கேக்கை எடுத்தார். அவள் பெயரை எழுதி, அவள் பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல வேலையைப் பார்த்தார்.

தங்கச்சியிடம்கூட அவர் இதைச் சொல்லவில்லை. அந்த அம்மாள் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் அவளுக்கு அண்ணன் என்றால் உயிர். அவர் எழுத்தை வைத்தே மனதைப் படித்துவிடுவாள். நல்ல நாளில் எழுத்து நூல் பிடித்தது போல நிற்கும். குடித்த மறுநாள் கை உதறும்; கோழி கிளறியது போல இருக்கும்.

வேறு மொழி பேசும் ஊருக்குப் பிழைக்க வந்தவர் அவர். கடையில், "எழுத்து எங்க எழுத்து, பேச்சு மட்டும் எந்த ஊரு பேச்சுய்யா?" என்று கிண்டல். அந்த ஊரில் விரல் விட்டு எண்ணக்கூடிய நம் தமிழ் ஆட்களிடம் போனால், "எப்பப்பா கல்யாணச் சாப்பாடு?" என்று குடைச்சல். இரண்டு இடத்திலும் சிரித்துச் சமாளித்துவிட்டு, வீட்டுக்கு வந்து பாட்டிலைத் திறப்பார். வீட்டில் ஒரு லிஃப்ட் மெக்கானிக் இருந்தார். பதினொரு வருடமாக இவர் உயிராய் நேசித்த மனிதர். தங்கச்சியிடம்கூட 'ரூம் மேட்' என்றுதான் சொல்லியிருந்தார்.

ஒருநாள் கல்யாணக் கேக்கில் மணப்பெண்ணின் பெயரே சரிந்து ஓடியது. "கை நிக்கிற வரைக்கும் கடைப் பக்கம் வராதே" என்றார் முதலாளி. அண்ணன் குடியை நிறுத்தும் மையத்துக்குப் போனார். துணைக்கு மெக்கானிக்கும் போனார். சாமி கும்பிட்டுவிட்டுத் தங்கச்சியும் வந்து சேர்ந்தாள்.

"இவரைக் கூட இருந்து பாத்துக்கறவங்க யாரு? ஒருத்தர் உள்ள வாங்க" என்றாள் நர்ஸ்.

இருவரும் எழுந்தார்கள். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. "அவரு... வந்து... ரூம் மேட்" என்று மென்று விழுங்கினார்.

"போதும்ண்ணா. வாடகையில பங்கு போடறவருக்கா பதினோரு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம ரெண்டாவது டிபன் பாக்ஸ் கட்டறேன்? அதுவும் காரம் கம்மியா?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "எனக்காகவா காரம் கம்மி? உங்களுக்குச் சமைக்க வரலைன்னுல்ல நினைச்சேன்!"

நர்ஸே சிரித்துவிட்டாள்.

"சாமிகிட்ட ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் வேண்டறேன். போங்க, நீங்கதான் உள்ள போகணும்" என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டு, தங்கச்சி மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தாள். அண்ணன் நாலு பேர் இருக்கும் இடம் என்றும் பாராமல் தேம்பி அழுதார்.

குடி ஒரே நாளில் போய்விடவில்லை. நடுவில் ஒருமுறை சறுக்கினார். மறுநாளே மையத்துக்குப் போய்த் தானாகச் சொன்னார். மருந்தும் இருந்தது, மனம்விட்டுப் பேச ஆளும் இருந்தது. மறைக்க ஒன்றும் இல்லாமல் போனதில் பாதி பாரம் இறங்கியது. ஏழாம் மாதம் எழுத்து நூல் பிடித்து நின்றது.

பிறகு மெக்கானிக்குக்குத் தொலைவான ஊருக்கு மாற்றல் வந்தது. இவருக்கும் அங்கே ஒரு பேக்கரியில் வேலை கிடைத்தது. அண்ணனும் தங்கச்சியும் கடைசியாகப் பிரிந்தது பஸ் நிலையத்தில்.

"மறுபடி ஆரம்பிச்சிட்டா எனக்கு எப்படிண்ணா தெரியும்?" என்றாள், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

"வருஷா வருஷம் உன் பொறந்த நாளுக்கு கேக் வரும். எழுத்து நேரா இருந்தா சாப்பிடு. கோணலா இருந்தா அப்படியே வச்சிட்டு பஸ் ஏறி வந்துடு."