ப்ளோயர் விழுங்கிய மாலை

டீசல் புகையும் சாமந்திப்பூ வாசனையும் கலந்து வந்தால், ஃபீஜியில், நவுசோரிக்குப் பக்கத்து வுனிமோனோவில் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்ற நீல லாரிதான் இன்றும் எனக்கு ஞாபகம் வரும். காய்கறி மூட்டைகளைச் சுவா சந்தைக்கு ஏற்றிப்போகும் அந்தப் பழைய டூ-ஸ்ட்ரோக் டீசல் லாரிக்கு வெள்ளிக்கிழமைதோறும் அம்மா "கெந்தா" மாலை போடுவாள். சாமந்தியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கோப்பது மீன்பிடிக்கும் நைலான் நூலில்.

லாரியில் அப்பாவுக்கு உயிர் "ப்ளோயர்"தான். எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜரை அவர் அப்படிச் சொல்வார். டீ குடிக்க வந்த பூசாரியைக்கூட விடமாட்டார். இரண்டு முஷ்டிகளையும் எதிரெதிராகச் சுழற்றிக் காட்டி, நம்முடையதில் இரண்டு உருளைகள் ஒன்றையொன்று தொடாமல் சுற்றிக் காற்றைச் சுவரோரமாக அள்ளித் தள்ளும், தானாக நசுக்காது, போய்ச் சேர்ந்த இடத்து நெரிசலில்தான் அழுத்தம் ஏறும் என்பார். வேறு இரண்டு வகையும் உண்டு. திருகு வகையில் இரண்டு திருகுகள் பின்னிச் சுழன்று காற்றை வழியிலேயே நெருக்கிவிடுமாம். விசிறி வகையோ மெதுவாகச் சுற்றும்போது சும்மா இருந்துவிட்டு, வேகம் பிடித்த பிறகுதான் வேலை காட்டுமாம். மூன்றையும் சுற்றிவிடுவது எஞ்சின்தான். "மத்த எஞ்சினுக்கு இது தெம்பு, நம்ம எஞ்சினுக்கு இதான் மூச்சு" என்று முடிப்பார். பூசாரி தலையாட்டிவிட்டு இன்னொரு டீ கேட்பார்.

ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருடம் அந்தப் பேச்சு நின்றது. எங்கள் தெருவில் எங்களைப்போல ஓர் இந்தியர் வீட்டின் மேல் கல் விழுந்த மறுநாள், "பொட்டப்புள்ளய வச்சிக்கிட்டு இனி இங்க இருக்க முடியாது" என்று அம்மா நியூசிலாந்துக்குக் காகிதங்களை நிரப்பத் தொடங்கினாள். லாரி விற்றால்தான் டிக்கெட். எனக்குப் பதினோரு வயது. பக்கத்து வீட்டு ஃபீஜிக்காரச் சிநேகிதி மேரேயை விட்டுப் போவதை நினைத்தாலே அழுகை வந்தது.

லாரியைப் பார்க்க ஆள் வருவதாக இருந்த வெள்ளிக்கிழமை காலை, அப்பா காற்று வடிகட்டியைக் கழற்றிக் கழுவ எடுத்துப்போனார். தூசி போகாமல் ப்ளோயரின் வாயைத் துணியால் கட்டியிருந்தார். நான் முடிச்சை அவிழ்த்து, அம்மா அப்போதுதான் போட்டிருந்த மாலையைச் சுருட்டி உள்ளே ஆழத் திணித்து, துணியை மறுபடி கட்டினேன். மூச்சடைத்தால் லாரி போகாது, லாரி போகாவிட்டால் நாங்களும் போகமாட்டோம் என்பது என் கணக்கு.

வந்தவர் முன்னால் அப்பா துணியை அவிழ்த்து, வடிகட்டியை மாட்டி எஞ்சினைக் கிளப்பினார். தகரத்தைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை. பிரித்துப் பார்த்தால் உருளைகளில் நைலான் நூல் இறுகச் சுற்றியிருந்தது, நடுவே மஞ்சள் இதழ்கள். வந்தவர் போய்விட்டார். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து, "நான்தான் சரியா கட்டல, என் கையாலயே கெடுத்துட்டேன்" என்று அழுதாள். "காத்து இழுத்துடுச்சி, விடு" என்றார் அப்பா.

உருளைகளைச் சரிசெய்து வேறு ஆளைத் தேட இரண்டு மாதம் ஆனது. பிறகு நாங்கள் போய்த்தான் சேர்ந்தோம். ஆக்லாந்தில் அம்மா எந்த வண்டியிலும் பூ வைக்கவில்லை. கேட்டால், "என் கை ராசியில்லாத கை" என்பாள். சொல்லிவிட வேண்டுமென்று எத்தனையோ முறை கிட்டே போனேன். சொல்லாமலே அவளை அனுப்பிவைத்துவிட்டேன்.

அவளுடைய முதல் திவசம் முடிந்த அன்று சத்தமே இல்லாத என் மின்சாரக் காரில் அப்பாவைக் கூட்டிவரும்போது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"துணி அவுக்கறப்பவே தெரியும் புள்ள. அது என் முடிச்சு இல்ல."

"தெரிஞ்சும் ஏம்பா ஸ்டார்ட் பண்ணீங்க?"

"எனக்கும் போக மனசில்ல."

இப்போது அந்த லாரி இல்லை, ப்ளோயரும் இல்லை, வுனிமோனோ வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். தப்பு உன்னுடையது இல்லை என்று நாங்கள் இரண்டு பேரும் சொல்லியிருக்க வேண்டியவளும் இல்லை.