செவலை கால் வைத்த வண்டி வீடு

பிளைவுட் பலகையை ரம்பம் வைத்து அறுக்கும்போது ஒரு வாடை வரும். மர வாடையும் இல்லை, பசை வாடையும் இல்லை. இரண்டும் சேர்ந்து லேசாகப் புளித்த மாதிரி, மூக்கு வழியே போய்த் தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும் ஒரு வாடை. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு அடுப்படிக்கு அலமாரி அடிக்க இந்த மாசியில் ஆள் வந்தபோது அது வீடு முழுக்கப் பரவி, என் வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தும்மிக்கொண்டிருந்தார். எனக்குத் தும்மல் வரவில்லை, வயிறுதான் எரிந்தது. பதினோரு வயதில் என் பெரியப்பா மகள் செல்வியைப் பார்த்து எரிந்த அதே எரிச்சல். முப்பது வருஷம் ஆகியும் அணையாமல் எங்கேயோ கிடந்திருக்கிறது.

எங்கள் பக்கத்தில் இதற்குப் "பங்காளிக் காய்ச்சல்" என்று பெயர். ஊரில் எவன் மாடி கட்டினாலும் பொறுத்துக்கொள்ளலாம், பங்காளி தன் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தால்கூட நமக்குக் கண் கூசும். ஏரலுக்கு மேற்கே ஆற்றங்கரை ஊரில், ஒரே காம்பவுண்டுக்குள் எங்கள் வீடும் பெரியப்பா வீடும் எதிரெதிரே இருந்தன. நடுவில் ஒரு முருங்கையும் ஒரு அடிபம்பும். செல்வி என்னைவிட மூன்று மாதம் மூத்தவள். "மூணு மாசம்னாலும் மூப்பு மூப்புதான், அக்கான்னு கூப்பிடு" என்று பெரியம்மை சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. எனக்கு அவள் "ஏட்டி செல்வி"தான்.

பெரியப்பா சவுதியில் வெல்டராக இருந்தார். அந்த நாட்டில் குளிர்காலம் வந்தால் குடும்பம் குடும்பமாகப் பாலைவனத்துக்குப் போய்த் தங்குவார்களாம்; காருக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டையே மாட்டி இழுத்துக்கொண்டு போவார்களாம். அதைப் பார்த்த நாளிலிருந்து மனிதருக்கு வேறு நினைப்பே இல்லை. எட்டு வருஷம் கழித்து ஊரோடு வந்தவர் முதல் வேலையாக ஒரு பழைய ஜீப்பை வாங்கி நிறுத்திவிட்டு, "இந்தப் பங்குனி உத்திரத்துக்கு நாம வீட்டோடயே போவோம்" என்றார்.

பங்குனி உத்திரத்துக்கு அவரவர் குலதெய்வமான சாஸ்தாவைத் தேடிப் போவது எங்கள் சீமையில் பிறந்த யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் சாஸ்தா உடன்குடிப் பக்கம் தேரிக்காட்டுச் செம்மண்ணுக்குள் இருந்தார். வருஷா வருஷம் பங்காளிகள் எல்லோரும் ஒரே டிராக்டரில் அண்டா குண்டாவோடு ஏறிப்போய், முந்திரிக் கொல்லாமரத்து நிழலில் சேலையைத் திரையாகக் கட்டி, இரண்டு நாள் பொங்கித் தின்று, தலைமுடியில் பாதித் தேரியை அள்ளிக்கொண்டு திரும்புவோம். அதில்தான் பெரியப்பா தன் குடும்பத்துக்கென்று தனியாகக் கதவு வைத்த ஒரு வீட்டைச் சக்கரத்தில் ஏற்றிக் கொண்டுபோகப் போகிறார்.

தை மாதம் வேலை தொடங்கியது. ஆங்கிள் இரும்பில் சட்டத்தைப் பெரியப்பாவே பற்றவைத்து, எங்கிருந்தோ கிடைத்த ஓர் அச்சைப் பூட்டினார். திருநெல்வேலியிலிருந்து பிளைவுட் வந்து இறங்கியது. என் அப்பாவுக்கு ஏரலில் வாழைத்தார் மண்டியில் வேலை என்றாலும் தச்சுவேலை கைப்பழக்கம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் உளியும் இழைப்புளியுமாக அண்ணன் வீட்டு முற்றத்துக்குப் போய்விடுவார். கூரை வளைவாக வேண்டும் என்று பெரியப்பா ஒற்றைக்காலில் நின்றார். மெல்லிய பிளைவுட்டின் மேல் ஈரச் சாக்கை இரண்டு நாள் போட்டு வைத்து, ஒரு முனையில் அப்பாவும் மறு முனையில் பெரியப்பாவும் ஏறி உட்கார்ந்து பைய பைய அமுக்குவார்கள், பலகை முனகும். முதல் பலகை பிளந்து போனது. நான் அடிபம்புப் பக்கம் குடத்தோடு நின்றிருந்தேன். சந்தோஷத்தில் தண்ணீர் நிறைந்து வழிந்ததே தெரியவில்லை. இரண்டாவது பலகை சொன்னபடி கேட்டுவிட்டது.

உள்ளே இரண்டு பக்கமும் மடக்குப் பலகைக் கட்டில்கள். பின்பக்க வாசலுக்கு மேலே, பரண் மாதிரி ஒரு படுக்கை. அதன் தலைமாட்டில் ஒரு சாண் ஜன்னல். அந்தப் படுக்கை செல்விக்கு. அதைப் பார்த்த அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சின்ன ஜன்னலுக்குப் பின்னால் குப்புறப் படுத்துக்கொண்டு, ஓடுகிற ரோட்டைப் பார்த்தபடி போக வேண்டும். என் உலகத்தில் அதைத் தவிர வேறு ஆசையே மிச்சம் இல்லை. செல்வி சாக்கட்டியால் அந்தப் பலகையில் தன் பேரை எழுதிவிட்டு இறங்கி வந்து, என் தோளில் கை போட்டு, "எங்க நாலு பேருக்குத்தான் எடம் இருக்கு பேச்சி. நீ உங்க அம்மைகூட டிராக்டர்ல வந்துரு, என்ன?" என்றாள். அவள் பவுசு காட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. பாவம் பார்த்துச் சொன்னாள், அதுதான் தாங்கவில்லை.

வீட்டிலும் எரிகிற அடுப்புக்கு விறகு கிடைத்தது. "நம்ம கூரை ஒழுகுது, உங்கப்பா ரோட்டுல ஓடுத வீட்டுக்கு ஆணி அடிக்கப் போயிருக்காவ" என்பாள் அம்மா. அப்பா காதில் வாங்கமாட்டார். ஒருநாள் என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டு, "ஏட்டி, அடுத்தவன் எலையவே பாத்துக்கிட்டு இருந்தா நம்ம எலையில உள்ளது ஆறிப்போவும்" என்றார். என் இலையில் என்ன இருந்தது ஆறுவதற்கு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பங்குனி பிறந்து, பச்சை பெயிண்ட் காய்ந்து, வண்டி தயார் என்ற நிலையில் பெரியம்மை குறுக்கே நின்றாள். "வீடுன்னா வீடுதான். பால் காய்ச்சாம, பசு ஏறாம நான் அதுல கால வைக்க மாட்டேன்." பெரியப்பா கணக்குப் போட்டார்: பத்துப் பேரை ஏற்றிக் குதிக்க வைத்துப் பார்த்தாயிற்று, பசு என்ன பத்துப் பேர் கனமா? அப்பா தலையை ஆட்டினார். "அண்ணேன், ஆளு பாதத்தால நிக்கான், மாடு குளம்பால நிக்கி. ரெண்டு ஆங்கிளுக்கு நடுவுல ரெண்டடி வெறும் பலகை. பூரா கனமும் ஒரு புள்ளியில எறங்குனா தாங்காது." கடைசியில், கன்று ஏறினால் தாய் ஏறின மாதிரிதான் என்று பேசி முடித்தார்கள். பசு கீழே நின்று குங்குமம் வாங்கிக்கொள்ளும், கன்று மட்டும் உள்ளே போகும்.

பசு எங்கள் வீட்டுச் செவலை. அவர்களிடம் இல்லாமல் எங்களிடம் இருந்த ஒரே பொருள் அதுதான், அதையும் கேட்டுவிட்டார்கள். செவலையின் கயிற்றைப் பிடித்துக்கொள்ளும் வேலை எனக்கு.

வெள்ளிக்கிழமை காலை. வண்டிப் பின்வாசலுக்குச் சாய்வாகப் பலகை போட்டு, மாவிலை கட்டியிருந்தார்கள். உள்ளே சின்ன அடுப்பில் பால் பொங்குகிற நேரம். அரக்குப் பட்டுப்பாவாடையோடு சாஸ்தா படத்தைக் கொண்டுபோய் வைத்த செல்வி, அப்படியே தன் மேல்படுக்கையில் ஏறி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். சிரித்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாளா, என்னை நினைத்துச் சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை, எனக்கு அப்போது இரண்டும் ஒன்றுதான். பெரியப்பா கன்றைத் தூக்கி உள்ளே விட்டார். இருட்டுக்குள் போன கன்று கத்தியது, செவலை காதை விறைத்துக்கொண்டு கயிற்றை இழுத்தது.

கயிறு நழுவிவிட்டது என்று அன்று எல்லோரிடமும் சொன்னேன். நழுவவில்லை. நான் விட்டேன். மாடு உள்ளே போனால் சாணி போடும், பாலைத் தட்டிவிடும், புது வீடு நாறட்டும் என்ற அளவுக்குத்தான் என் புத்தி போனது. செவலை இரண்டே எட்டில் சாய்வுப் பலகை ஏறி, வாசலைத் தாண்டி முன்னங்காலை ஊன்றியது. பிளைவுட் விரிகிற சத்தம் கேட்டது. கால் முட்டி வரைக்கும் தரைக்குள் போய்விட்டது.

பால்சட்டி கவிழ்ந்தது. பெரியம்மை தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். அப்பா ரம்பத்தை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்து, காலைச் சுற்றிப் பலகையை அறுத்தார். ஆறேழு வாரம் பார்த்துப் பார்த்துப் பூட்டிய தரையை அறுக்கும்போது அவர் முகத்தில் பால் சொட்டிக்கொண்டே இருந்தது. மேலே பெரியப்பா மாட்டின் கழுத்தைக் கட்டிப் பிடித்து, "ஆத்தா, பொறு ஆத்தா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். வெளியே எடுத்தபோது காலில் தோல் உரிந்து வெள்ளையாக இருந்தது. சித்திரை பாதி வரை செவலை நொண்டியது, பாலும் வற்றிப்போனது. மஞ்சளும் எண்ணெயும் வைத்து அப்பா காயத்தைக் கட்டுகிற நேரங்களில் நான் வீட்டிலேயே இருக்கமாட்டேன்.

கண் பட்டுவிட்டது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பெரியம்மை வேறு மாதிரி யோசித்தாள். "தம்பி வீட்டு வாயில்லாச் சீவன் காலப் போட்டு மறிக்கின்னா அர்த்தம் இல்லாம இல்ல. அந்த வீட்டுப் பிள்ளைய விட்டுட்டு நாம மட்டும் போப்பிடாது." எனக்குக் காது குளிர்ந்தது. ஆனால் நாலு பேர் இடத்தில் ஐந்தாவது எப்படி என்று பெரியவர்கள் யோசிக்கும்போதே, "பேச்சி மேல படுத்துக்கிடட்டும். நான் சித்திகூட டிராக்டர்ல வாரேன்" என்றாள் செல்வி. ஓட்டை விழுந்த வீடு அவளுக்கு அசிங்கமாகிவிட்டது, அதனால்தான் தள்ளிவிடுகிறாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன்.

ஓட்டையை அடைக்கப் பிளைவுட் மிச்சம் இல்லை. எங்கள் வீட்டுப் பின்வாசலுக்குக் கதவு போடுவதற்கென்று அப்பா வாங்கிப் பரணில் வைத்திருந்த தேக்குப் பலகையை இறக்கினார். அம்மா தடுத்தாள். "அண்ணனுக்குச் செய்யாம வேற எவனுக்குச் செய்ய" என்று சொல்லி அளவெடுத்து அறுத்தார். அதற்கப்புறம் இரண்டு வருஷம் எங்கள் பின்வாசலில் சாக்குதான் தொங்கியது. நாய் நுழைந்து சட்டியை உருட்டும்போதெல்லாம் அம்மா பெரியப்பாவைத் திட்டுவாள். திட்டு யாருக்குச் சேர வேண்டும் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

உத்திரத்துக்கு முந்திய நாள் நான் ஆசைப்பட்டபடியே மேல்படுக்கையில் குப்புறப் படுத்துக்கொண்டு போனேன். பங்குனி வெயில் கூரையில் இறங்கி, பிளைவுட் வாடையும் பெயிண்ட் வாடையும் சேர்ந்து, வேர்வை கண்ணுக்குள் வழிந்தது. கீழே பெரியம்மை பாத்திரங்களுக்கு நடுவே வாந்தி வருகிறதென்று எலுமிச்சையை முகர்ந்துகொண்டிருந்தாள். ஜன்னலில் ரோடு தெரிந்தது. ரோட்டில் பின்னாலேயே டிராக்டர் வந்தது. டிராக்டரில் முப்பது பேருக்கு நடுவே செல்வி முடி பறக்க நின்றுகொண்டிருந்தாள். வழியில் நுங்கு வாங்கியிருக்கிறார்கள். என் அம்மா, என்னைப் பெற்ற அம்மா, கட்டை விரலால் நுங்கைத் தோண்டி அவள் வாயில் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

ஜன்னல் கிடைத்துவிட்டது, படுக்கை கிடைத்துவிட்டது, காய்ச்சல் மட்டும் இறங்கவில்லை. தேரி மணலில் சக்கரம் புதைந்தபோது டிராக்டர்க் கூட்டம் மொத்தமும் குதித்து ஓடிவந்து "ஏலே தள்ளு, லே தள்ளு" என்று கூத்தடித்துத் தள்ளியது. செல்வி என் ஜன்னலுக்கு நேர் கீழே தோளைக் கொடுத்துத் தள்ளினாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வண்டி வீடு அதற்கப்புறம் இரண்டு உத்திரம் கண்டது. பெரியப்பா திரும்பவும் சவுதிக்குப் போனார். கொஞ்ச நாள் அதில் கோழி அடைந்தது, பிறகு கரையான் செல் ஏறி ஒவ்வொரு பலகையாகத் தின்று தீர்த்தது, இரும்பைப் பழைய இரும்புக்காரன் எடுத்துப் போனான். தேக்குப் பலகையை மட்டும் செல் தொடவில்லை. ஊர் வீட்டில் இன்றைக்கும் அதன் மேல்தான் தண்ணீர்க் குடம் இருக்கிறது.

இந்த உத்திரத்துக்கும் போயிருந்தேன். சாஸ்தா கோயில் வாசல் வரை தார்ரோடு வந்துவிட்டது. கார்கள் நிற்பதற்காகக் கொல்லாமரங்களை வெட்டிவிட்டார்கள். யாரும் தங்குவதில்லை, சமையலுக்கு ஆள் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, பொழுது சாயும் முன் ஆளாளுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கோயம்புத்தூரிலிருந்து செல்வியும் வந்திருந்தாள். சிமெண்டுக் கொட்டகையில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தோம். அலமாரி வேலையைப் பற்றிச் சொல்லி, "அந்தப் பிளைவுட் வாடை எனக்கு இப்பவும் ஆவ மாட்டேங்கி" என்றேன்.

அவள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "நீ கயித்த விட்டத நான் ஜன்னல்ல இருந்து பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்" என்றாள்.

பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா சித்தப்பா உன்னைய உரிச்சிருப்பாவ. உனக்கு அந்த எடத்து மேல அம்புட்டு ஆசைன்னே அப்பந்தான் எனக்குத் தெரிஞ்சுது. வாயத் தொறந்து கேட்டிருந்தா அன்னைக்கே எறங்கித் தந்திருப்பேன்லா, கோட்டி" என்று சொல்லிவிட்டு ரசத்துக்குக் கையைக் காட்டினாள்.

பதினோரு வயதில் பார்த்ததை முப்பது வருஷம் வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். எத்தனை கல்யாண வீடு, எத்தனை சண்டை, ஒரு தடவைகூட எடுத்து வீசவில்லை. பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை, இன்னும் கூடிவிட்டது. வண்டி வீட்டை எப்படியோ பிடுங்கிவிட்டேன், அந்த மனசை நான் எங்கே போய்ப் பிடுங்க?

வெயில் தாழ்ந்ததும் அவளுடைய கார் கிளம்பியது. கண்ணாடியை இறக்கிக் கையை நீட்டினாள். "பாத்துப் போ, அக்கா" என்றேன். இன்ஜின் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை போல, தலையை வெளியே நீட்டி, "என்ன சொன்ன?" என்றாள்.

ஒன்றுமில்லை, பார்த்துப் போ என்றுதான் சொன்னேன் என்றேன்; இன்னொரு தடவை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.