தவமணியின் நாடகமும் நான் வெட்டிய அரை நிமிடமும்

தவமணி போய்விட்டார் என்ற சேதி அச்சகத்துத் தொலைபேசியில்தான் வந்தது. அவருடைய மகள் சுகந்தி பேசினாள். "மாமா, அம்மா விடிய எழும்பேல்லை" என்றாள். காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்தது. என் மேசை முழுக்க புரூஃப். போனை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, அடுத்த வருட அக்டோபரின் அமாவாசையும் கிருத்திகையும் சரிதானா என்று பார்த்து முடித்த பிறகுதான் எழுந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. பைண்டிங் பக்கம் போனேன். அவர் நின்று காலண்டர் தாள்களுக்குத் தகரப் பட்டை அடிக்கிற இடத்தில் வேறொரு பெண் நின்று அடித்துக்கொண்டிருந்தாள். அங்கேதான் எனக்கு அழுகை வந்தது.

'ஒரு ஆளுக்கு இடம்' நாடகத்தை ஏதாவது பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியிலோ சங்கக் கூட்டத்திலோ பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தவமணி மன்னார்ப் பக்கத்துக்காரர். கைக்குழந்தையோடு படகேறி வந்து, ஆனைக்குட்டத்துக்குப் பக்கத்து அகதி முகாமில் இருந்தார். சிவகாசியில் எங்கள் அச்சகத்தில் பைண்டிங் வேலை. நான் அங்கே புரூஃப் பார்க்கிறவன், கூடவே நாடகப் பைத்தியம்.

அவர் கதையை முதலில் கேட்டது சாப்பாட்டு நேரத்தில். கடற்கரைக்கு அக்காவும் தங்கையுமாக வந்திருக்கிறார்கள். படகில் ஒரு ஆளுக்குத்தான் இடம் என்று ஓட்டி சொல்லிவிட்டான். தங்கை மலர், பிள்ளையோடு இருந்த அக்காவைத் தூக்கிப் படகுக்குள் தள்ளிவிட்டுக் கரையிலேயே நின்றுவிட்டாள். தூக்குச்சட்டி மூடியைக் கையில் பிடித்தபடி ஓட்டியாகவும் தங்கையாகவும் மண்டபம் முகாமில் பெயர் எழுதிய குமாஸ்தாவாகவும் மாறி மாறி நின்றார் தவமணி. சாப்பாடு ஆறிப்போனதை யாரும் கவனிக்கவில்லை. தகரம் வெட்டுகிற மாரியம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டு, "ஏக்கா, இம்புட்டையும் நெஞ்சுல வச்சுக்கிட்டா எங்க கூடச் சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்தீக?" என்று கேட்டாள்.

நான் அதை எழுதினேன். எழுதினேன் என்று சொல்வது பெருமைக்கு; அவர் சொன்னதைக் கெடுத்தேன் என்பதே சரி. வாசித்துக் காட்டியபோது பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லா எழுதியிருக்கிறியள் அண்ணை. ஆனா உயிர் போற நேரத்தில ஓட்டி இவ்வளவு வடிவாக் கதைக்க மாட்டான்" என்றார். கடைசியில் என் வசனத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று. நாடகம் முடிந்ததும் கைதட்டலுக்கு முன், தங்கையின் பெயரையும் ஊரையும் இடது புருவத்துத் தழும்பையும் சொல்லி, கண்டவர்கள் சொல்லும்படி கேட்பார். அரை நிமிடம். நாடகத்துக்குள் தங்கை வெறும் தங்கைதான்; பெயரும் ஊரும் வருவது இங்கே மட்டும். "அது நாடகத்தில ஒட்டாதே" என்று நான் இழுத்தேன். "அது நாடகம் இல்லை அண்ணை. அதுக்காகத்தான் நாடகம்" என்றார்.

எங்கள் காட்சிகள் எல்லாம் பகலில்தான். முகாமில் ஆள் கணக்கெடுக்கிற நாளில் நேரில் நிற்க வேண்டும். மற்ற நாட்களிலும் பொழுது சாய்வதற்குள் உள்ளே இருக்க வேண்டும். அதனால் தேதி குறிக்க நான் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை, முகாமைத்தான் கேட்பேன். நல்ல வெயிலில், விளக்கும் திரையும் இல்லாமல், ஒரு பெண் தனியாக நின்று கடலைக் காட்டினார். எதிரே இருந்தவர்கள் கால் நனைந்தது போலச் சேலையை இழுத்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

எம். புதுப்பட்டியில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. குண்டு விழுகிற இடத்துக்குச் சத்தம் வேண்டும் என்று, ஒரு பெரிய தகரத்தை மேலேயிருந்து போட ஏற்பாடு செய்தது என் மூளை. பட்டாசு ஊரில், சீசன் என்று ஞாயிற்றுக்கிழமையும் பட்டாசுக் கம்பெனி ஓடுகிற நாளில். தகரம் விழுந்ததுதான் தாமதம், கூட்டம் மொத்தமும் எழுந்து கம்பெனி இருக்கும் திசையில் ஓடியது. பெண்கள் பெயர் சொல்லி அலறிக்கொண்டே ஓடினார்கள். ஒன்றுமில்லை என்று தெரிந்து திரும்பி வந்தபோது ஒரு அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "ஏலே, எம் மருமக உள்ள வெடிமருந்து வேலைல நிக்கா. நீ தகரத்தப் போட்டு வெளாடுதியாலே?" தவமணி இறங்கி வந்து அந்த அம்மாவைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு அதே இடத்திலிருந்து நாடகத்தைத் தொடர்ந்தார். குண்டு விழும் நேரத்தில் பேச்சை நிறுத்தி வானத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். "சத்தம் எண்டா என்னெண்டு இந்தச் சனத்துக்கு நாங்கள் காட்டத் தேவையில்லை" என்றார் என்னிடம். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் தகரம் கிடையாது.

அன்றே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஒரு பங்குனியில் விருதுநகரில் பெரிய மண்டபத்தில் நாடகம் போட அழைப்பு வந்தது. நாற்காலி, மின்விசிறி, மேடை, எல்லாம் உண்டு. பக்கத்து முகாம்களிலிருந்து ஆட்களை வேன் வைத்து அழைத்து வந்திருந்தார்கள். விழாக் குழுவில் நாடகம் தெரிந்த பெரியவர் ஒருவர், முன்பே எங்கள் நாடகத்தைப் பார்த்தவர், என்னைத் தனியே கூப்பிட்டார். "எல்லாம் அருமையா இருக்கு தம்பி. கடைசில என்னத்துக்கு அந்த அறிவிப்பு? பஸ் ஸ்டாண்டு மைக்கு மாதிரில்ல இருக்கு?" எனக்குச் சுருக்கென்றது. பிழை திருத்துகிறவனுக்கு, தான் விட்ட பிழையை இன்னொருவர் காட்டினால் பொறுக்காது. மேடைக்குப் பின்னால் போய், "இன்னைக்கு மட்டும் அத விட்டுருங்க தவமணி" என்றேன். "சரி அண்ணை" என்றார். அன்று கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. நான் பூரித்துப்போய் நின்றேன்.

அடுத்த காட்சியிலேயே, என்னைக் கேட்காமல், அவர் அதைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார். கார்த்திகையில் காரியாபட்டியில் போட்டோம். அவர் தங்கை பெயரைச் சொல்லி முடித்ததும், பின் வரிசையிலிருந்து செபமாலை என்ற வயதான பெண் எழுந்தார். அந்தப் பக்கத்து முகாம் ஒன்றில் இருப்பவர். "மலரோ? புருவத்தில தழும்போட? பிள்ளை, அவ எங்கட முகாமிலதான் இருந்தவ. பிந்தி ஒரு படகில வந்தவ. நீ வந்த படகு கவிண்டு போச்செண்டு ஆரோ சொல்லி, அழுதழுது உனக்குத் திதியும் குடுத்தவ." தவமணி மேடையிலிருந்து இறங்கி ஓடினார். "இப்ப எங்க?" செபமாலை தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "ஆவணியில செத்துப்போனா. காச்சல். நான் விருதுநகரிலயும் உன்ர நாடகம் பாத்தனான். அப்ப ஏன் பிள்ளை இதைச் சொல்லேல்லை?"

பங்குனியில் மலர் உயிரோடு இருந்தாள். அக்காவைப் பார்க்க பஸ்ஸில் வந்துவிடக்கூடிய தூரத்தில் இருந்தாள். பங்குனிக்கும் ஆவணிக்கும் நடுவே சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி. அந்த நான்கு மாதத் தாள்களுக்கும் பிழை பார்த்தவன் நான்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் காலில் விழாத குறையாக அழுதேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். முகாம் நெருங்குகையில், "நீங்கள் சொன்னியள், நான் விட்டன். வாய் என்ரதானே அண்ணை" என்றார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதோடு நாடகம் நின்றுவிடும் என்று நினைத்தேன். ஒரு மாதம் கழித்து அவரே வந்து தேதி கேட்டார். "இனி யாருக்காக?" என்று கேட்டுவிட்டேன். முகாமில் ஒருத்தி தன் மகனைத் தேடுகிறாள் என்றார். அன்று முதல் அந்த அரை நிமிடத்தில் மற்றவர்களின் அண்ணன், மகன், தாய் பெயர்களைச் சொன்னார். கடைசிக் காட்சி வரைக்கும் சொன்னார்.

முகாமில் அவர் உடலுக்குப் பக்கத்தில் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நாடகத்தைப் பற்றித்தான் பேசத் தொடங்கினேன். "விருதுநகரில் அதைச் சொல்ல வேண்டாம் என்றவன் நான்தான்" என்ற இடத்தில், கூட்டத்தின் நடுவே நின்று தேம்பினேன். யாரோ என்னைப் பிடித்து உட்காரவைக்க வந்தார்கள். சுகந்தி தடுத்தாள்.

"விடுங்கோ. அம்மா முந்தியே சொன்னவ, மாமா தன்ர சாவீட்டில வந்து இதைச் சொல்லித்தான் அழுவார் எண்டு. ஆரும் மறிக்க வேண்டாம், அழட்டும் எண்டும் சொன்னவ."

தவமணியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்த அனுமதி ஒன்றுதான்.