சாவி பலகைக்குத் திரும்பும் வரை

1986 நவம்பர் 12, புதன்கிழமை. ஆறு மணிக்கு எழுந்தேன். தொழுதேன். ரொட்டியும் தேநீரும் ஆயின. எட்டேகாலுக்கு ஆய்வகத்துப் பலகையிலிருந்து என் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இங்கிலாந்து வந்த புதிதில் விசித்திரமாகப் பட்ட பழக்கம் இது. இயந்திர அறைக்குள் போகிற ஒவ்வொருவரும் சாவியோடு போய், திரும்பியதும் தம் கையாலேயே அதை மாட்ட வேண்டும். ஒரு சாவி குறைந்தாலும் இயந்திரத்துக்கு மின்சாரம் ஏறாது. ஆள் உள்ளே சிக்கிக்கொள்ளக் கூடாதல்லவா?

தலைமுடியைவிட மெல்லிய டங்ஸ்டன் கம்பிகளை இரண்டு வளையங்களுக்கிடையே கூண்டுபோலக் கட்டுவது என் வேலை. பெரும் மின்சாரம் பாய்ந்ததும் அவை ஆவியாகி, பிளாஸ்மா என்னும் மின்னேறிய வாயுவாகி, தம் காந்த விசையாலேயே நடுவை நோக்கி நொறுங்கும். அந்தச் சூட்டில், சூரியனில் நடப்பதுபோல அணுக்களை இணைத்து ஒருநாள் மின்சாரம் எடுக்கலாம் என்பது இவர்கள் நம்பிக்கை. ஒரு கம்பி தளர்ந்தாலும் எல்லாம் கோணலாகிவிடும்.

அன்று அரூரில் என் மகள் சபீனாவுக்கு நிக்காஹ். விசா நீட்டிப்புக்குப் போன பாஸ்போர்ட் திரும்பாததால் நான் போக முடியவில்லை. பெண்ணின் தகப்பன் சம்மதம் சொல்லாமல் எங்களில் பள்ளிவாசல் ஹஜ்ரத் நிக்காஹ் ஓதமாட்டார். எனக்குப் பதில் தம்பி காதர் நிற்கட்டும் என்று எழுதியிருந்தேன்.

பிற்பகலில் கம்பி கட்டி வெளியே வந்ததும், நடைவழித் தொலைபேசியில் எனக்கு அழைப்பு. அரூரில் கல்யாண மண்டபத்துக்கு எதிர்க் கடையிலிருந்து காதர் பேசினான்.

"அண்ணே, கேக்குதுங்களா? கடுதாசி வந்து சேரல. உங்க வாயால கேட்டாத்தான் ஓதுவேங்கறாரு ஹஜ்ரத்து. மாப்ள வூட்டுக்காரங்க பிரியாணி ஆறுதுன்னு மொணகறாங்க. வெச்சுராதீங்க, அவரக் கூட்டியாறேன்!"

ஓடிவிட்டான். ரிசீவரோடு நின்றேன். ஆய்வகத் தலைவர் டேவிட் வந்தார்.

"இப்ராஹிம், உங்கள் சாவிக்காக எல்லோரும் காத்திருக்கிறோம்."

"என் மகளுக்குத் திருமணம். அங்கேயும் எனக்காகக் காத்திருக்கிறார்கள்."

"இன்றைக்கா? லீவு கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே!"

நல்ல மனிதர். பாஸ்போர்ட் கையில் இல்லாதவனுக்கு லீவு எதற்கு என்று அவருக்கு எப்படிச் சொல்வது? நான் ஊரைவிட்டுப் புறப்பட்ட அன்று, மலைக் கணவாயில் லாரி கவிழ்ந்து எங்கள் பேருந்து நின்றுவிட்டது. சேலத்தில் ரயில் போய்விடுமே என்று பதறினேன். வழியனுப்ப வந்த சபீனா, "போவட்டும் அத்தா, நாம வூட்டுக்குப் போலாம்" என்று சிரித்தாள். அன்று அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

இரைச்சலுக்குள் ஹஜ்ரத்தின் குரல் வந்தது. "பாய், உங்க மகள நிக்காஹ் செஞ்சு குடுக்க தம்பிக்கு அனுமதி தர்றீங்களா?"

"தர்றேனுங்க!"

"கேக்கலீங்களே!"

"தர்றேனுங்க, ஹஜ்ரத்!" நடைவழியே திரும்பிப் பார்த்தது.

"போதும்ண்ணே, அரூர் பூரா கேட்டுருச்சு!" என்றான் காதர். சபீனாவைப் பற்றிக் கேட்பதற்குள் இணைப்பு அறுந்தது.

சாவியைப் பலகையில் மாட்டினேன். மின்சாரம் பாய்ந்து கட்டடம் அதிர்ந்தது. அந்தக் கணத்தில் எடுத்து டேவிட் காட்டிய படத்தில் நடுவே பளீரென்று ஒரு கோடு. கம்பிகள் இருந்த இடங்களிலும் மங்கலாக ஏதோ நின்றிருந்தது.

"எல்லாம் நடுவுக்கு வந்து சேரவில்லை," என்றார் வருத்தத்தோடு.

நானும் அரூரிலிருந்து முழுதாக வந்து சேரவில்லை என்று நினைத்துக்கொண்டே அந்தப் படத்தைப் பார்த்தேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக, அதே சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போய், அடுத்த கூண்டின் முதல் கம்பியைக் கட்டினேன்.