ஓட்டுநர் கதவில் மோதிரக் கோடுகள்

“ஐப்பசி முதல் வெள்ளி, காலை 10.20. கறுப்பு கார், மத்திகிரி டீச்சரம்மா. எல்லாப் பக்கமும் வட்டக் கோடுகள். ஓட்டுநர் கதவில், கைப்பிடிக்குக் கீழே, மோதிரம் இழுத்த கோடுகள் ஏழு. வேலை: மெஷின் பாலிஷ், அதன்மேல் மெழுகு. முடிந்தது மாலை 5.10. டார்ச் அடித்துப் பார்த்தோம். கோடு ஒன்றும் இல்லை.”

இது என் கையெழுத்து. அந்த நோட்டும், அன்று கதவின்மேல் அடித்துப் பார்த்த டார்ச்சும் இப்போது என் மேசைமேல் இருக்கின்றன. டார்ச் என்னுடையது அல்ல, பாயினுடையது.

ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் மூன்று ஆண்டுகள், ஓசூர் பைபாஸை ஒட்டிய கார் பாலிஷ் கடை ஒன்றில் பதிவேடு எழுதினேன். பாய் அங்கே பாலிஷ் மாஸ்டர், என் வயதுக்காரர். டீ வந்த நேரத்தைக்கூட நான் குறித்துவைப்பது அவருக்குத் தீராத வேடிக்கை. “சாரு பொறந்தப்பவே மணி என்னான்னு கேட்டு எழுதிக்கினுதான் அழுதிருப்பாரு” என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். வேலையில் மட்டும் விளையாட்டுக் கிடையாது. கறுப்பு வண்டி உள்ளே வந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கி டார்ச் அடிப்பார். ஒளிப்புள்ளியைச் சுற்றிச் சிலந்தி வலைபோல் மெல்லிய வட்டங்கள் எழும். தூசியோடு சேர்த்து உலர்ந்த துணியால் துடைப்பதால் விழும் கீறல்கள் அவை. உண்மையில் வட்டங்களே அல்ல. எல்லாத் திசையிலும் ஓடும் கோடுகளில் ஒளிக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மின்னுவதால் அப்படித் தோன்றுகின்றன. பாலிஷ் என்பது மேல்பூச்சையே இழையளவு தேய்த்துக் கீறலை இல்லாமல் ஆக்குவது; போனது போனதுதான். மெழுகு அப்படியல்ல. கீறலின் பள்ளத்தை நிரப்பி மறைக்கும். சில மாத மழையிலும் வெயிலிலும் மெழுகு கரைந்ததும் கீறல் பழைய இடத்திலேயே வந்து நிற்கும். “கறுப்பு வண்டி பொய் சொல்லாது சார், மெழுகுதான் சொல்லும்” என்பார் பாய்.

டீச்சரம்மாவின் கணவர் அந்தச் சித்திரையில் இறந்திருந்தார். தினமும் ஷிஃப்டுக்குக் கிளம்புமுன் பழைய பனியன் துணியால் காரைத் துடைப்பது அவர் வழக்கம். துடைக்கும்போது வலக்கை மோதிரம் ஓட்டுநர் கதவில் உரசும். நகத்தில் தட்டுப்படாத அளவுக்கு மெலிதான, வளைந்த கோடுகள். “காலைல கதவத் தொறந்தா அவரு கைதான் சார் கண்ணுல படுது. அத எடுத்துக் குடுங்க, நான் பெங்களூர்ல மக வூட்டுக்குப் போயிடறேன்” என்று சொல்லித்தான் வண்டியை விட்டுப்போனார். மாலையில் வந்து கதவைப் பார்த்தார். தன் முகம் அதில் முழுசாகத் தெரிவதையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாசியில் ஒரு நாள் போன் வந்தது. “சார், கொஞ்சம் வந்து பாக்கறீங்களா? பாயக் கூட்டிக்கினு வராதீங்க.” காலை எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். வீட்டு வாசலில் கார் வெயிலில் நின்றது. கதவில் சூரியன் ஒரு புள்ளியாக எரிய, அதைச் சுற்றி வட்டங்கள் நெருக்கமாகச் சுழன்றுகிடந்தன. கைப்பிடிக்குக் கீழே வளைந்த கோடுகளை எண்ணினேன். ஏழு. அதே சாய்வு. டீச்சரம்மா வண்டியின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம்வரை மெதுவாக நடந்தார். “என்கூடவே நடந்து பாருங்க. நான் எங்க நின்னாலும் அந்த வட்டம் கூடவே வருது.” வந்தது. அதற்கான காரணம் எனக்குத் தெரியும், விளக்கியும் சொன்னேன். ஆனால் பாலிஷில் தேய்த்து எடுத்த கோடு திரும்புவதற்குக் காரணம் என்னிடம் இல்லை. ஐப்பசிக்குப் பிறகு அந்த வண்டியை ஒருவரும் துடைக்கவில்லை என்றார். மோதிரம் பீரோவில் இருந்தது, எடுத்துவந்து காட்டினார். பிறகு சாதாரணமாக, பஸ் நேரம் சொல்வதுபோல, “தொடைக்க வர்றவர வுட்டுட்டு நான் எப்டி சார் போறது?” என்றார். மகள் இரண்டு முறை வந்து அழைத்தும் அவர் கிளம்பவில்லை. தனியாக அந்த வீட்டில், விடிவதற்கு முன்னே எழுந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார் என்பது அன்றுதான் தெரிந்தது.

கடைக்குத் திரும்பி, டீச்சரம்மா வீட்டில் பார்த்ததையும் கேட்டதையும் பாயிடம் சொல்லிவிட்டுக் கேட்டேன். அந்தக் கதவில் மெஷின் வைத்தீர்களா, மெழுகு மட்டுமா? பூச்சு மெலிந்த இடத்தில் மெஷின் வைத்தால் அடிப்பூச்சு வெளியே வந்துவிடும். அங்கே பயந்து மெழுகோடு நிறுத்திக்கொள்வதும் உண்டு. பாய் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். “வெச்சேன்னு சொல்லட்டுமா, வெக்கலேன்னு சொல்லட்டுமா? எது சொன்னா அந்தம்மா மக வூட்டுக்குப் போவும்?”

“நடந்தது எது, பாய்?”

“மொதல்ல நான் கேட்டதுக்குச் சொல்லுங்க சார்.”

மறுநாள் அவரே என் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தார். மத்திகிரியில் டீச்சரம்மா முன்னால் கைகட்டி நின்று, “அம்மா, தப்பு என்னுது. அந்தக் கதவுல பெயிண்ட் மெலிசா இருந்துச்சு, மெஷின் வெக்க பயந்துட்டேன். மெழுகு பூசி மறைச்சுட்டேன். மழைல கரைஞ்சி பழசு தெரியுது. யாரும் வரலம்மா” என்றார். அந்த மூன்று வருடத்தில் வேலையில் ஒரு குறை என்று அவர் வாயால் ஒப்புக்கொண்டு நான் கேட்டது அன்று ஒருமுறைதான். டீச்சரம்மா அவரை நெடுநேரம் பார்த்தார். “இவ்ளோ நாளா என்ன ஏமாத்திட்டீங்களே!” என்று திட்டினார். பிறகு கதவைத் தடவியபடி அழுதார். திரும்பவும் செய்து தருகிறேன் என்ற பாயிடம், வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார். பங்குனி பிறப்பதற்குள் கோடுகளோடு அந்தக் காரிலேயே மகளுடன் பெங்களூர் போய்விட்டார்.

அன்று மத்திகிரியிலிருந்து திரும்பியதும் பாய் கடையில் கை கழுவிக்கொண்டே இருந்தார். சோப்பு போட்டு, மறுபடியும் போட்டு. நான் மீண்டும் கேட்டேன். “நோட்டப் பாருங்க சார். நீங்கதான் எல்லாம் எழுதறவரு” என்றார்.

நோட்டைத் திறந்தபோதுதான் உறைத்தது. வண்டி உள்ளே வந்ததுமே செய்யப்போகும் வேலையை எழுதிவிடுவது எங்கள் கடை வழக்கம். மாலையில் நான் சேர்ப்பது நேரமும் முடிவும் மட்டுமே. ‘மெஷின் பாலிஷ்’ என்ற சொற்கள் வேலை தொடங்குமுன் எழுதியவை. அன்று பகல் முழுவதும் நான் கணக்கறையில் இருந்தேன். மெஷின் சத்தம் கேட்டது நினைவிருக்கிறது. எந்தக் கதவில் ஓடியது என்று தெரியாது.

அடுத்த ரம்ஜானுக்கு ஊருக்குப் போன பாய் திரும்பவில்லை. அவர் எண் இப்போது உபயோகத்தில் இல்லை. டார்ச்சை என் மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். சற்றுமுன் அதை என் ஸ்கூட்டரின் கறுப்பு முகப்பில் அடித்துப் பார்த்தேன். வட்டங்கள் ஒளியைச் சுற்றிக் கூடின. நகர்ந்தேன், கூடவே வந்தன. பிறகு வந்து, நோட்டில் அந்த ஐப்பசி வெள்ளியின் குறிப்புக்குக் கீழே பென்சிலால் ஒரு வரி சேர்த்தேன்: ஓட்டுநர் கதவில் மெஷின் வைக்கப்பட்டதா என்பது சரிபார்க்கப்படவில்லை.