கடலுக்கு முதுகு காட்டிய பெஞ்சுகள்

அழகு என்றால் வட்டம் என்று எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். உலக யுத்தம் முடிந்த கையோடு தூத்துக்குடிக் கரையில் அவர்கள் ஒரு பூங்கா போட்டார்கள். நடுவில் வட்டமாகப் பூப்பாத்தி, அதைச் சுற்றிப் புல், புல்லைச் சுற்றி நடைபாதை, பாதையோரம் சிமெண்டு பெஞ்சுகள், எல்லாவற்றையும் வளைத்து ஒரு செடிவேலி. பார்த்தவர்கள் எல்லாம் அழகு, அழகு என்றார்கள். எனக்கு அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

அந்த இடத்தில் முன்பு ஒரு மணல்மேடு இருந்தது. அதற்கு உருவம் என்று ஒன்றும் கிடையாது. காற்று எப்படித் தள்ளியதோ அப்படிக் கிடந்தது. ஒரு பக்கம் சரிவு, ஒரு பக்கம் செங்குத்து, உச்சியில் நாலைந்து பெண்கள் நெருக்கிக்கொண்டு நிற்கலாம். நாங்கள் தோணிக்காரர் வீட்டுப் பெண்கள். கொழும்புக்குப் போன தோணிகள் திரும்பும் நாட்களில் அங்கே ஏறி நிற்போம். முயல்தீவைத் தாண்டி வருகிற பாய் அங்கிருந்து தெரியும். கீழே கரையில் சரக்கும் வண்டியுமாக நெரிசல்; பெண்கள் நின்றால் விரட்டுவார்கள். அந்த மேட்டைவிட அழகான இடத்தை நான் பார்த்ததில்லை.

பாயைப் பார்க்க எங்களுக்குக் காரணம் உண்டு. தோணியை நடத்துகிறவரைத் தண்டல் என்போம். பயணத்தில் தண்டல் இறந்துபோனால், கரை தெரிந்ததும் பாயைப் பாதிக்கு இறக்கிவிடுவார்கள். அந்தத் தோணி ஊர்ந்து வந்து சேருவதற்குள், மேட்டில் நிற்கிற பெண்கள் தண்டலின் மனைவியைச் சுற்றி நின்றுகொள்வார்கள். வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தி அழ விடுவார்கள். ஊரார் கண் முன்னால் அவள் அந்தச் சேதியைக் கேட்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். என் வீட்டுக்காரர் தண்டல். அவர் தோணிப் பாயில் நீலத்தில் ஒரு ஒட்டு உண்டு. எத்தனை பாய்களுக்கு நடுவிலும் எனக்கு அது தெரிந்துவிடும்.

அந்த மேட்டை வெட்டி வண்டி வண்டியாக அள்ளிப் பள்ளங்களில் கொட்டினார்கள். கோணல்மாணலாக, பார்க்க அசிங்கமாக இருக்கிறதாம். பெஞ்சுகளைப் பூவைப் பார்க்கப் போட்டார்கள், கடலுக்கு முதுகைக் காட்டி. கடற்கரையில் உட்கார்ந்து கடலைப் பார்க்க முடியாதபடி ஒரு இடத்தை அமைப்பதற்கு நிறையப் படித்திருக்க வேண்டும்.

நாங்கள் விடவில்லை. பெஞ்சில் திரும்பி உட்கார்ந்து, சாய்மானத்துக்குக் கீழே இருந்த இடைவெளியில் காலை நுழைத்துக்கொண்டு கடலைப் பார்த்தோம். அப்போது வேலிச்செடி குட்டை. மாலையில் காற்று வாங்க வந்த கனவான்கள் சிரித்தார்கள். "உக்காரக்கூடத் தெரியாத சனம்" என்றார் ஒருவர், எங்கள் காதில் விழும்படி.

தோட்டத்துக்கு விளாத்திகுளம் பக்கத்திலிருந்து ஓர் ஆளை வைத்திருந்தார்கள். கரிசக்காட்டு மனிதர். அவருக்குக் கடல் பிடிக்காது.

"என்னத்த இருக்கு அங்கன? குடிக்கவும் ஆகாது, பயிருக்கும் ஆகாது. இந்தப் பச்சையப் பாரும்மா, கண்ணு குளுருது" என்பார்.

மழைக்கு ஏங்குகிற ஊரில் பிறந்தவருக்குப் புல்லைக் கண்டால் அப்படித்தான் இருக்கும். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அவர் தண்ணீர் ஊற்ற ஊற்ற வேலி ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. மற்றப் பெண்கள் ஒவ்வொருவராக வருவதை விட்டுவிட்டார்கள். நான் மட்டும் போய்க்கொண்டிருந்தேன்.

அது என் வீட்டுக்காரரின் தோணி வரவேண்டிய வாரம். வழக்கம்போலத் திரும்பி உட்கார்ந்தேன். வேலிக்கு மேல் வானம் மட்டும் தெரிந்தது. தோட்டக்காரர் ஏணியில் நின்று வேலியின் தலையை வெட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்குப் பெரிய ஆளுக வாராகம்மா. நேரா உக்காருங்க. இல்லைன்னா என்னைய வேலையை விட்டு அனுப்பிருவாக."

பாவம், பிள்ளைகுட்டிக்காரர் என்று நேராக உட்கார்ந்தேன். எதிரே வட்டப் பாத்தியில் செவ்வந்தி பூத்திருந்தது. ஒரு செடிகூட வரிசை தப்பவில்லை. பின்னால் கத்தரிச் சத்தம் நின்றது.

"ஏம்மா, ஒரு தோணிக்காரன் பாயை முழுசா ஏத்தாம பாதியில விட்டுட்டு வாரானே. கயிறு கியிறு அந்துபோச்சோ?"

"பாயில ஒட்டு இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு. நீலமா ஒரு துண்டு."

சொல்லிவிட்டு அவர் மறுபடி வெட்ட ஆரம்பித்தார். அவருக்கு என்ன தெரியும். என்னைச் சுற்றி நிற்க ஒருத்தி இல்லை. வாசலில் பெரிய மனிதர்கள் வந்துவிட்டார்கள், எவ்வளவு அழகு என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு. அவர்கள் கண் முன்னால், அவர்கள் பார்க்கச் சொன்ன பக்கம் பார்த்தபடி, ஒழுங்காக உட்கார்ந்து நான் விதவையானேன்.